போனுக்குள் இருக்கிற அப்பா

மே 6, செவ்வாய்

கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. சின்னவன் இன்னும் என்னிடம் வரவில்லை. தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்து அழுகிறான். இன்று பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது என்னைக் காட்டி, "இந்த மாமா எப்போ போவாங்க?" என்று அவரிடமே கேட்டான். அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டரை வயது. அவனைச் சொல்லி என்ன? அவன் பிறந்தபோதே நான் கடலில்தான்.

மே 7

அவனுக்கு அப்பா இல்லாமல் இல்லை. அப்பா போனுக்குள் இருக்கிறார். இன்று அவன் அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா கூப்பிடு" என்றான். "இதோ இருக்காரே அப்பா" என்று என் மனைவி என்னைக் காட்டினாள். என்னை மேலும் கீழும் பார்த்தான். போனைத் திருப்பி அதன் முதுகையும் பார்த்தான். பிறகு, "இல்ல" என்றான்.

மே மாதம் முடிவதற்குள் நான் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் ஒரு தடவையாவது என்னைப் பார்த்து அப்பா என்று சொல்வானா?

மே 9, வெள்ளி

பெரியவளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் மேனேஜர். எல்லாவற்றையும் அவள்தான் முடிவு செய்வாள். நகரத்தில் பிள்ளைகள் தொட்டு விளையாடிப் பார்க்கிற அறிவியல் அருங்காட்சியகத்துக்கு நாளை போகிறோம், ஒரு நாள் லாட்ஜில் தங்குகிறோம் - இதுவும் அவள் போட்ட திட்டம். "கூட்டத்துல தம்பிக்குப் பயமா இருக்கும்ல, உங்ககிட்ட வந்துடுவான்பா" என்றாள். கைகாரி.

அவள் வயதில் நானும் அங்கே போயிருக்கிறேன். அப்பா லாரி ஓட்டியவர். எப்போதாவதுதான் வீட்டில் இருப்பார். மிதித்தால் பல்பு வரிசை எரிகிற சைக்கிள் ஒன்று அங்கே உண்டு. எல்லாப் பல்பும் எரிய வேண்டும் என்று அடம்பிடித்தேன். முந்தின நாள் முழுக்க வண்டி ஓட்டி வந்த மனிதர், மூச்சிரைக்க மிதித்தார். கடைசிப் பல்பு மட்டும் எரியவே இல்லை. "அது ஃபியூஸ் போன பல்புடா" என்றார். நிஜமாகவே ஃபியூஸ் போனதா, கால் ஓய்ந்துவிட்டதா - இன்றுவரை எனக்குத் தெரியாது.

மே 10, சனி. லாட்ஜ்

எழுதாமல் படுக்க முடியாது.

பஸ்ஸில் சின்னவன் அம்மா மடியில். நான் எதிர் சீட்டில், யாரோ போல.

அருங்காட்சியகம் ஆளே மாறிவிட்டது. மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடி மட்டும் அதே. அதைத் தடவிக்கொண்டே ஏறினேன். புது சைக்கிள் வைத்திருக்கிறார்கள். பெரியவளுக்காக மிதித்தேன். எல்லாப் பல்பும் எரிந்தன. அப்பாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

சின்னவன் தள்ளி நின்று பார்த்தான். "டேய், வாடா, நீயும் மிதி!" என்றேன். மிரண்டுபோய் அம்மாவின் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க? இது என்ன எஞ்சின் ரூமா?"

நான் கத்தவில்லை. என் குரலே அதுதான். எஞ்சின் ரூமில் ஃபிட்டர் வேலை. பக்கத்தில் நிற்பவனிடம் ஸ்பானர் கேட்பதென்றாலும் தொண்டை கிழியக் கேட்க வேண்டும்.

அடுத்த கூடத்தில் இரண்டு கோடியிலும் எதிரெதிரே ஆளுயரத்துக்குக் குழிவான இரண்டு தட்டுகள். ஒன்றில் மெல்லப் பேசினால் மற்றதில் நிற்பவருக்குக் கேட்கும். பெரியவள் தம்பியோடு எதிர்த் தட்டுக்கு ஓடினாள். நான் "ஹலோ!" என்றதும் அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடிவந்தார். "சார், மெதுவா! அந்தப் பக்கம் காது போயிடும். தூங்குறவங்க பக்கத்துல பேசுற மாதிரி பேசுங்க."

அது எனக்குப் பழகிய வேலை. கப்பல் கேபினில் கீழ்ப்படுக்கையில் எலக்ட்ரீஷியன் அண்ணன் தூங்குவார். வீட்டுக்குப் போனில் எப்போதும் அப்படித்தான் பேசுவேன். குரலை இறக்கி, "செல்லக்கட்டி, சாப்டியா?" என்றேன்.

"அப்பா!"

தட்டிலிருந்து என் காதுக்குள் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கோடியில் அவன் தட்டுக்குப் பின்னால் போய்த் தேடிக்கொண்டிருந்தான்!

மேனேஜர் விடுவாளா? அவன் கையைப் பிடித்துக் கூடம் நெடுக இழுத்து வந்தாள். நான் மண்டி போட்டு அதே குரலில் பேசிக்கொண்டே இருந்தேன் - பால் குடிச்சியா, பந்து எங்க, அக்கா அடிச்சாளா - வாய்க்கு வந்ததையெல்லாம். அவன் என் முன்னால் நின்று வாயையே பார்த்தான். விரலை உதட்டில் வைத்தான். அசைகிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

"அப்பா வெளிய வந்துட்டாரா?" என்று அக்காவைக் கேட்டான்.

பேச்சு நின்றால் மறுபடி மாமா ஆகிவிடுவேனோ என்று எனக்குப் பயம். குரலை ஏற்றாமல், "ஆமாடா, வந்துட்டேன்" என்றேன்.

மே 11

பஸ்ஸில் என் தோளில் தூங்கினான். சட்டையெல்லாம் எச்சில். இதைத் துவைக்கப் போடாதே என்றேன். "சரியான கிறுக்கு" என்றாள்.

மே 17

வீட்டில் நாலு பேரும் ரகசியக் குரலில்தான் பேசுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாம்மா?" என்று கேட்டாராம்.

சின்ன வயதில், அப்பா வாசலில் லாரியை நிறுத்தியதும் நானும் அம்மா பின்னால் ஒளிந்தவன்தானாம். அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கேட்டதே இல்லை.

மே 24, சனி

பெட்டி அடுக்கும்போது அவன் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டான். நான்தான் இறக்கிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய். கப்பல்

முன்பெல்லாம் பேசி முடித்ததும் போனுக்கு ஒரு முத்தம், ஒரு டாட்டா, ஓடிவிடுவான். ஒருநாளும் அழுததில்லை. இன்று என் முகம் தெரிந்ததும் போனைத் தட்டிவிட்டான். "வெளிய வா" என்றான். நான் மெதுவாக என்னென்னவோ சொன்னேன். "வெளிய வா, வெளிய வா" என்று ஒரே அழுகை. "அப்புறம் பேசலாங்க, தேம்புறான்" என்று அவள் வைத்துவிட்டாள்.

பிள்ளை அழுகிறான். எனக்கோ உள்ளே குளுகுளு என்றிருக்கிறது. என்ன மனுஷன் நான்?

கீழ்ப்படுக்கையிலிருந்து அண்ணன் தலையை நீட்டினார்.

"வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா தம்பி?"

"பையன் அழறாண்ணே."

"எதுக்கு?"

"என்னைத் தேடித்தாண்ணே."