தலைப்புக்குக் கொழுப்புக் காணாது

இன்று மத்தியானம் கணினியில் வேர்டைத் திறந்தேன். தடித்த எழுத்துக்கான அந்த F பொத்தானைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த உன் மகள், நான் அழப்போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

தடித்த எழுத்தை ஜெர்மன்காரர் ஃபெட் என்பார்கள். நீ அதைக் கொழுப்பு என்றே மொழிபெயர்த்து வைத்திருந்தாய். "எடி, உந்தத் தலைப்புக்குக் கொழுப்புக் காணாது. உனக்கு இருக்கிறதிலை கொஞ்சம் எடுத்துக் குடன்" என்பாய்.

பிராங்பேர்ட்டில் யாராவது தமிழர் இறந்தால், முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டு, அதுதான் அந்த நினைவுப் புத்தகம், நம் தலையில்தான் விழும். உறவினர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் அனுப்புவார்கள். நான் ஒவ்வொரு தலைப்பாகத் தேடிப் பெரிதாக்கி நடுவில் வைப்பேன். உனக்குப் பொறுக்காது. "இப்பிடி உரஞ்சிக்கொண்டிருந்தால் எப்ப வெளியிலை போறது?" என்று சுட்டியைப் பறிப்பாய். தலைப்புகளுக்கெல்லாம் ஒரே பாணியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாணியை மட்டும் மாற்றுவாய். புத்தகம் முழுவதும் மாறிவிடும். பிறகு மைன் ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் குடிக்கப் போவோம். செத்த வீட்டு வேலை முடித்துவிட்டு ஐஸ்கிரீம் குடித்தவர்கள் நாம் மட்டுமாகத்தான் இருக்கும்.

உன் மற்றக் குறுக்குவழியால்தான் மானம் போகப் பார்த்தது. பழைய கல்வெட்டைத் திறந்து, பெயரை மாற்றிச் சேமிப்பாய். அப்படியொரு முறை, கல்யாணமே செய்யாத ஒரு அண்ணைக்கு முந்தைய ஆளின் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் நீயே கண்டுபிடித்தாய். "பாவம் மனுசன், இண்டைக்கு மட்டும் தாத்தாவா இருக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இன்று உன்னுடைய கல்வெட்டு. நாளை அச்சகத்துக்குப் போக வேண்டும். உன் புத்தகத்துக்குள் வேறு யாரோ வந்து உன் இடத்தில் இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

தலைப்புகளை உன் பாணி முறைப்படியே செய்தேன். தேத்தண்ணீர் ஆறுமுன் பக்கங்கள் ஒழுங்காகிவிட்டன. உன் மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கக் கஷ்டம். "அன்ரி, அம்மாவைப் பற்றி என்ன எழுதியிருக்கினம்? வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். நேரம்தான் இருந்ததே. முதல் வரியிலிருந்து வாசித்தேன். உன் சித்தப்பா அனுப்பியதில், "அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர்" என்று இருந்தது.

"ஆர், அம்மாவோ? அவ எஸ்-பான் ரெயினிலை ஃபோன் கதைச்சால் முழுப் பெட்டியும் திரும்பிப் பாக்கும்!"

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு அழுதோம். அந்த வரியை அழித்துவிட்டு, என்ன போடுவோம் என்று கேட்டேன்.

"சத்தமாச் சிரிப்பா எண்டு போடுங்கோ."

அவள் சொன்னபடியே தட்டினேன். எழுத்துத் தமிழில் அது "சிரிப்பார்" என்று இருக்க வேண்டும். இறந்தவருக்கு முறைப்படி பார்த்தால் "சிரித்தார்" என்றுதான் வர வேண்டும். நான் இரண்டையும் போடவில்லையடி. எனக்கு நீ இன்னும் சிரிக்கிறாய்.