ஏழு வகை ஏனுங்க

அக்டோபர் 14, திங்கள்

தொண்டை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். மூன்று வாரம் வாயே திறக்கக்கூடாது, கிசுகிசுப்பும் கூடாது என்று கோவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் கத்தியதில் குரல் நாணில் கட்டி. குரல் திரும்புமா என்று எழுதிக் காட்டினேன். "வரும்மா. ஆனா பழைய குரலா இருக்கும்னு சொல்ல முடியாது." அந்த 'ஆனா'வை நினைத்துக்கொண்டே கோபியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் கன்றுக்குட்டியின் மணியைக் கழற்றிக் கொடுத்தார். "இதை ஆட்டு அம்மணி, ஓடியாறேன்." கன்று என்னை முறைக்கிறது.

அக்டோபர் 16, புதன்

நல்ல மழை. சாயங்காலம் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் தவளைக் கச்சேரி. பேச வழியில்லை, கேட்கவாவது செய்வோம் என்று போய் உட்கார்ந்தேன்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளை ஒலி எழுப்பும் - இந்த ஒரு வரியைத்தான் வருடா வருடம் அடிக்கோடு போடச் சொன்னேன். ஒரே ஒலியா அது? தொட்டி விளிம்பில் இருப்பவன் டொக், டொக் என்று நிதானமாகப் பெண்ணைக் கூப்பிடுகிறான். பக்கத்தில் இன்னொருவன் வந்து குதித்ததும் அதே தொண்டையில் உறுமல். இது என் இடம், தள்ளிப் போ. என்ன வாத்தியாரம்மா நான்?

அக்டோபர் 19, சனி

வாய்விட்டுச் சிரிக்கவும் தடை. ரொம்பக் கஷ்டப்பட்டேன். ஒருவன் அவசரத்தில் இன்னொரு ஆணின் முதுகில் ஏறிக்கொண்டான். கீழே இருந்தவன் கிர்க், கிர்க் என்றான். ஆள் மாறிப்போச்சு, விடு என்று அர்த்தம். ஏறியவன் உடனே இறங்கிப் போய்விட்டான்.

அவரிடம் எழுதிக் காட்டினேன். "நம்மூருத் தவளையாச்சே, மரியாதை தெரிஞ்சது" என்றார்.

அக்டோபர் 23, புதன்

கோபம் கோபமாக வருகிறது. தொட்டியோரம் ஒரு சாரைப்பாம்பு தவளையைக் கவ்விவிட்டது. அது கைக்குழந்தை மாதிரி வீறிட்டது. இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. மணியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன். மனுஷன் ஆடி அசைந்து வருகிறார், கையில் காப்பி டம்ளர்! அதற்குள் பாம்பும் போச்சு, தவளையும் போச்சு.

பாம்புக்குக் கூப்பிட்டால் காப்பியா என்று கிறுக்கி நீட்டினேன்.

"எனக்கு எப்படித் தெரியும் கண்ணு? மணிக்கு ஒரே சத்தம். நீ ஏனுங்கன்னு கூப்பிட்டீன்னா கண்டுபுடிச்சுப்போடுவேன். அதுல ஏழு வகை இருக்குது." விரல் விட்டு எண்ணினார். காப்பி ஆறுது ஏனுங்க. பாம்பு ஏனுங்க. கேஸ் தீந்துபோச்சு ஏனுங்க. விருந்தாளி வந்திருக்காங்க, சட்டையைப் போடுங்க ஏனுங்க. உங்கக்கா போன்ல ஏனுங்க. கோவமா இருக்கறேன் ஏனுங்க. ஆறோடு விரலை மடக்கிவிட்டார். ஏழாவது என்ன என்று எழுதிக் கேட்டேன். "அது வந்தாச் சொல்றேன்."

நான் ஒரே வார்த்தையைச் சொல்வதாகத்தானே நினைத்திருந்தேன்? பேப்பரில் வாழை விலை தவிர எதுவும் படிக்காத மனுஷன் தரம் பிரித்து வைத்திருக்கிறார்.

அப்புறம் அழுகை வந்துவிட்டது. வேறு குரலாக வந்தால் இவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் மைக் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். வீட்டில் என்ன பண்ணுவேன்?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தத்தில் தவளைகள் வாய் திறக்கவில்லை. நானும்.

நவம்பர் 4, திங்கள்

இன்று முதல் ஐந்து ஐந்து நிமிடம் பேசலாம். அவர் விடியும்போதே வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். நல்லதுதான், தனியாகப் பேசிப் பார்க்கலாம் என்று தொட்டிப் பக்கம் போனேன். வேறென்ன வார்த்தை வரும்?

"ஏனுங்க."

கரகரவென்று, தடியாக, யாரோ ஆம்பளைக் குரல். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்திருக்காது, அதுவரைக்கும் நிம்மதி என்று நினைத்தேன்.

மோட்டர் சத்தம் நின்றது. முழங்கால் வரை சேற்றோடு வரப்பில் வந்தார். ஓடவும் இல்லை, ஆடி அசையவும் இல்லை.

"வேலை ஒன்னும் இல்லீல்ல? சும்மாத்தானே கூப்பிட்டே?"

தலையாட்டினேன்.

"அதுதான் ஏழாவது" என்று சொல்லி, தொட்டி விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாழைக்குப் பாதித் தண்ணீர்தான் பாய்ந்திருந்தது. மோட்டரைத் திரும்பப் போட அவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.