சோடா மட்டுமே குடித்த தம்பிக்கு

என் தங்கத் தம்பி ஏழுமலை,

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். தலையில் முக்காடோடு உன் பெண்டாட்டி செல்வி. என் புடவையைப் பிடித்துக்கொண்டு உன் மகள் காவேரி, எட்டு வயசு. வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டிருந்த என் வீட்டுக்காரர். கோட்டைச் சுவர் நிழலில் தள்ளி நின்ற உன் மச்சான் தணிகாசலம். அப்புறம் நான். சடங்கு செய்ய வந்தவர்களைச் சேர்க்கவில்லை.

நிழலில் நின்றபடியே தணிகாசலம் சொன்னான்: "இன்னா பண்றது, குடிச்சே வயித்த வேக வெச்சுக்கினாரு."

நீ குடித்தது சோடா. செங்கல்பட்டுக்கு மீன் பெட்டி ஏற்றிப்போகும்போது வயிறு எரிந்தால், வண்டியை ஓரங்கட்டி ஒரு சோடாவை உடைத்து ஊற்றிக்கொள்வாய். சீட்டுக்கு அடியில் உருண்ட காலி பாட்டிலைப் பார்த்துவிட்டு, அதில் நீ எதைக் கலந்தாய் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

காவேரி என் புடவையை இழுத்தாள். "அத்த, அப்பா குடிப்பாரா?" இல்லை என்றேன். அப்படியானால் எதனால் செத்தார் என்றாள். வயிற்றில் புற்று என்றுதான் டாக்டர் சொன்னார், ஏன் வந்தது என்று சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லாத இடத்தில் தணிகாசலத்தின் பேச்சு போய் உட்கார்ந்துகொண்டது. ஊரும் அதையே பேசியது. அந்தப் பெண் உன் பேச்சையே எடுக்காமல் வளர்ந்தாள்.

இப்போது சேதி கேள். உன் மகள் பொத்தேரிப் பக்கம் லேப் படிப்பு படிக்கிறாள். தகர டப்பாவில் நான் பத்திரப்படுத்தியிருந்த உன் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்த, அப்பாவோடது இன்னும் கீது."

"இன்னாடி கீது?"

"வயித்துத் துண்டு. டெஸ்டுக்கு எடுத்தாங்க இல்ல, மெழுகுல பதிச்சு வெச்சிருக்காங்க."

உன் சாம்பலைக் கடலில் கரைத்தோம், ஒன்றும் மிச்சமில்லை என்றல்லவா இருந்தேன்? மிளகளவு நீ, ஏதோ ஒரு இழுப்பறையில், இத்தனை வருஷம் எங்களுக்காகக் காத்திருந்தாயா?

அவளுடைய டீச்சரம்மா அதை மெல்லிசாகச் சீவிப் பார்த்தார்களாம். உள்ளே இரண்டு கிருமி. சுருள் சுருளாக ஒரு பாக்டீரியா, அதைவிடப் பொடிசாக ஒரு வைரஸ். பாக்டீரியா வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும். புண்ணை ஆற்ற ஓடிவரும் ரத்த அணுவுக்குள் ஒளிந்து வைரஸும் வந்து சேரும். இரண்டும் சேர்ந்து புண்ணை ஆறவிடாமல் வருஷக்கணக்கில் கிளறுமாம். அப்படித்தான் நினைக்கிறார்கள், முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள்.

சாராயம் இல்லை, தம்பி. உன் மகளே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த சந்தோஷத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதெல்லாம் எப்படித் தொற்றும் என்று கேட்டுவைத்தேன்.

"முக்காவாசி கொயந்தையிலயே அத்த. வாய் வழியா, எச்சில்ல."

அம்மா போனபோது உனக்கு எட்டு மாசம், எனக்குப் பதினோரு வயசு. சோற்றையும் கருவாட்டையும் மென்று கூழாக்கி, விரலால் எடுத்து உன் வாயில் வைப்பேன். அடுத்த வாய்க்கு நீ என் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பாய். காவேரி இதைச் சொன்ன அன்று, அந்த விரலால் எனக்கே சோறு பிசைய முடியவில்லை.

காவேரி என் தட்டைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "இங்க பாரு அத்த. இந்த ரெண்டும் நெறைய பேருக்குக் கீது, ஒண்ணும் பண்றதில்ல. யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. நீ ஊட்டலன்னா அவரு அந்த வருசமே போயிருப்பாரு. அப்பறம் நான் ஏது?"

உன்னைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு சாப்பிட்டேன்.

எனக்கும் வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதே பாக்டீரியா என்னிடமும் இருந்தது. பதினாலு நாள் மாத்திரை, ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். இந்த மாத்திரையை அன்றைக்கே யாராவது உனக்குக் கொடுத்திருந்தால்? ஒரே வாயில் மென்ற சோறு, உனக்கு வந்த புற்று எனக்கு ஏன் வரவில்லை?

என் பேரனுக்கு இப்போது ஏழு மாசம். அவனுக்குக் கரண்டியால் மசித்துத்தான் ஊட்டுவேன். செல்வியையும் இந்த மாதமே பரிசோதனைக்குக் கூட்டிப்போவேன். இது உனக்கு என் வாக்கு.

தணிகாசலத்திடம் காவேரியே போய் எல்லாவற்றையும் விளக்கினாள். "அப்பிடியா" என்றான். அப்புறம் காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டான். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை.

நீ இருந்தால், "வுடுக்கா" என்பாய். விட்டேன். காரணம் சொல்லாத டாக்டரை விட்டேன். ஊரை விட்டேன். உனக்கு மென்று ஊட்டிய அந்தப் பதினோரு வயசுப் பெண்ணையும் மன்னித்துவிட்டேன். தணிகாசலத்தை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

உனக்குச் சோறூட்டிய கை,
உன் அக்கா குப்பம்மாள்