மைக்குக்குக் காட்டிய சாம்பிராணி

ஐப்பசி, வியாழன்

ஸ்டூடியோவின் பழைய மைக் இன்று கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. பதினெட்டு வருடப் பழசை யார் தொடுவார்கள் என்று நினைத்தேன். செய்தவர்களே பிரித்துச் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். குரல் மறுபடி பளிச்சென்று விழுகிறது. சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

என்ன கோளாறு என்று கேட்க சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன்.

"உள்ள இருக்கிற சவ்வு முழுக்க சாம்பிராணிப் புகை பிசினா படிஞ்சிருந்தது மேடம். அதான் சத்தம் மங்கிப்போச்சு."

வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்குக் காட்டிவிட்டு அடுத்து மைக்குக்குத்தான் காட்டுவேன். சோறு போடுவது அதுதானே.

கானா பாடும் தாசனை நான்கு மாதமாக உள்ளே விடவில்லை. வாயை ஒட்டவைத்துப் பாடி, எச்சில் தெறித்துத்தான் மைக் கெட்டது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் கல்மண்டபம் பக்கம் நடந்துபோனான்.

சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா. நீ பொக காட்டிகினு இருக்கசொல்லயே நெனச்சேன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீ கண்ண மூடி கும்புட்டுகினு இருந்த. அத்த போய் எப்டி சொல்றது? வுடுக்கா. எப்ப வர்ட்டும்?"

நாளைக்கு வா என்றேன். மன்னிப்பு மட்டும் கேட்க வாய் வரவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. தூபக்காலை எடுத்து ஸ்டூடியோவுக்கு வெளியே மாடிப்படியில் வைத்துவிட்டேன். ஏறி வரும்போது அவன் கண்ணில் படட்டும்.