ராவென்னாவுக்குச் சொல்லப்படாத சேதி

1. பொங்கலுக்கு அடுத்த வாரம்: உன் ஈரலில் கட்டி இருப்பதை மதுரையில் உறுதிசெய்தார்கள். அன்று மாலை என்னிடம், "வாய்வுத் தொல்லைதாம்லே" என்றாய்.

2. பங்குனி உத்திரம்: இளைத்துப்போனாயே என்று கேட்டேன். "காலைல நடக்கேம்லா" என்றாய்.

3. ஆடித் தேருக்கு மறுநாள்: நாம் சேர்ந்து எழுதிய ரோமாபுரி நூலின் கடைசி இயலை எட்டு நாளில் முடிக்கக் கெடு வைத்து எழுதினேன். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, "முடிச்சிருதேன்" என்று செய்தி அனுப்பினாய்.

நீ போய் ஒரு மாதம் கழித்து, அந்த இயலின் தாள்களை வாங்கிவர நேற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். உன் மனைவி எடுத்துத் தந்த தாள்கட்டுக்குள் மருத்துவமனைக் கோப்பும் இருந்தது. தேதிகள் அதிலிருந்து கிடைத்தவை.

ரோமாபுரி ஏன் வீழ்ந்தது என்று இருபது ஆண்டுகள் சண்டையிட்டோம். கூலிப்படை, வற்றிய கருவூலம், எல்லை தாண்டி வந்த கூட்டங்கள் என்பேன் நான். அவையெல்லாம் பிந்தியவை என்பாய் நீ. சதுப்பு சூழ்ந்த தலைநகர் ராவென்னாவில் பத்திரமாக அமர்ந்திருந்த பேரரசன், தன்னைக் காத்த தளபதியையே கொல்லவைத்தான். அதன் பிறகு கெட்ட சேதியை அவன் முன் கொண்டுபோக எவன் துணிவான் என்று கேட்பாய். "சேதி நின்ன அன்னைக்கே சாம்ராஜ்யம் முடிஞ்சுபோச்சுலே."

ராஜபாளையம் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருநாள் நான் மேசையில் அடித்ததில் கண்ணாடித் தம்ளர் சிதறியது. "சார்வாள், ரோமாபுரி விழுந்தது விழுந்துட்டு. எங்க கிளாஸ ஏன் ஒடைக்கிய?" என்றார் கடைக்காரர். அன்றுதான் நீ விதி வகுத்தாய்: இனி மறுப்பு எழுத்தில் மட்டும்; கெடுவுக்குள் பதில் தராதவன் தோற்றவன். நீ ஒருமுறைகூடக் கெடு தவறியதில்லை.

கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உன் மனைவியிடம் கேட்டேன், எனக்கு மட்டும் ஏன் தெரியாது என்று.

"எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிட்டாவண்ணே. 'அவன்ட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது, சத்தம் போட்டே என்னய முன்னாலயே மேல அனுப்பிருவான்'னு சொல்லிச் சிரிச்சாவ."

நான் சிரிக்கவில்லை. உன் கல்லூரிக் காவலாளிக்குத் தெரிந்திருக்கிறது, மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதம் உன் எதிரில் அமர்ந்து, மேற்கோள்களில் பிழை பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவனே. சதுப்பை நான் தோண்டவில்லை. நீங்கள் அனைவரும் கூடி என்னைச் சுற்றி நிரப்பினீர்கள். இதை நான் மன்னிப்பதாக இல்லை.

இன்று காலை இதை எழுத உட்கார்ந்தபோது என் மகள் அறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள், என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா, பொறவு சொல்லுதேன்" என்று திரும்பிவிட்டாள். நான் எழுந்துபோய்க் கேட்கவில்லை. எத்தனை ஆண்டுகளாக அவள் இப்படித் திரும்பிப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த 'ஒண்ணுமில்லப்பா'வைத்தான் வீடெங்கும் சுமந்து நடக்கிறேன்.

ஆகவே ஒரே கேள்வி. என்மேல் இரங்கி மறைத்தாயா, எனக்கு அஞ்சி மறைத்தாயா? வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் உன் இயல் ஓர் எழுத்தும் மாறாமல் அச்சுக்குப் போகும். நம் விதிக்கு மாறாக, இந்த ஒரு முறை, தோற்றவன் நான் என்று கொள்வேன்.