சொன்னால் படிப்பு நின்றுவிடும்

ஜூலை 8, திங்கள்
அம்மாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். பள்ளிவிட்டு வரும்போது வீடு காலி. அப்பா போன பிறகு இப்படித்தான். புதுவாயல் ஸ்டாப்பிங்கில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் குப்புராஜ் இன்றும் மூன்று தடவை போன் செய்தான். ரீசார்ஜுக்காகக் கொடுத்த நம்பர். எடுக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்
தெருமுனைவரை பைக்கில் பின்னாலேயே வந்தான். "உன் ஸ்டேட்டஸ் போட்டோ என்னாண்ட கீது. கடை மாடிக்கு வா. வரலைன்னா அசிங்கமா மாத்தி எல்லாருக்கும் அனுப்பிடுவேன்." விலாசம் கேட்பதுபோல் நிதானமாகச் சொன்னான். ராத்திரி அதையே மெசேஜாகவும் அனுப்பினான்.

ஜூலை 12, வெள்ளி
யாரிடம் சொல்ல? போன வருடம் என்கூடப் படித்த நந்தினி தன்னைத் தொந்தரவு செய்தவனைப் பற்றி வீட்டில் சொன்னாள். மறுநாளே படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போ நானும் ஊட்டோடதானா? நான் இன்னா தப்பு பண்ணேன்?

ஜூலை 15, திங்கள்
பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். நாள் முழுக்கக் கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 18, வியாழன்
சொல்லிவிட்டேன். அம்மா வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் எதிரே உட்கார்ந்தாள். "நாலு நாளா சோறு எறங்கல. இன்னா ஆச்சு ஷைனி?" போனை நீட்டினேன். அவன் அனுப்பியதையெல்லாம் படித்தாள். "ஸ்கூல நிறுத்திடாதம்மா" என்றுதான் எனக்கு முதலில் வந்தது.
அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "உன்ன எதுக்கு நிறுத்தணும்? அவன் கடையத்தான் மூடணும்" என்றாள். எதையும் அழிக்காதே என்றாள்.

ஜூலை 19, வெள்ளி
அம்மா லீவு. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தோம். பேசிய அக்கா என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் பெண் போலீஸ் ஒருவர் சாதாரணச் சேலையில் வீட்டுக்கே வந்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். என் பெயர் வெளியே வராதாம். அம்மா என் கையை விடவே இல்லை.

ஜூலை 24, புதன்
அவனைப் பிடித்துவிட்டார்கள். அவன் போனில் இன்னும் ஐந்து பெண்களின் படங்கள் இருந்தனவாம். அதே ஸ்டாப்பிங்கில் நிற்கிறவர்களாகத்தான் இருக்கும். தினமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம், ஒன்றும் பேசாமல்.

ஆகஸ்ட் 5, திங்கள்
பள்ளிக்குப் போகத் தொடங்கி ஒரு வாரம். ஸ்டாப்பிங்கில் வேறு பள்ளிப் பெண் ஒருத்தி என் பக்கமாக நகர்ந்து வந்து நின்றாள். பெயர் சோனியா. "தெனம் தனியாவா போற?" என்றாள். ஆமாம் என்றேன். மூடிக்கிடந்த கடையை இருவரும் பார்த்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.