சங்குக்கு ஒதுக்கிய இடம்

விருதுநகர்
4 ஆகஸ்ட் 2025

மாரீஸ்வரனுக்கு,

பேசாமல் இருந்தது போதும். செல்போனில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மகள் பியூலா நர்சிங் மூன்றாம் ஆண்டு. நீ கேட்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

உன் கம்பெனி வெடி ஆலைகளுக்கு விற்கும், சூடு ஏறினால் சங்கு ஊதும் எச்சரிக்கைக் கருவியை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் நிரலை இருவரும் சேர்ந்துதான் எழுதினோம். அதில் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி முழுக்க என்னுடையது. விளம்பரத் தாளில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. திறப்பு விழாவில் என்னை, "நம்ம ஃப்ரெண்டு, காலேஜ்ல வாத்தியாரா இருக்காரு" என்றாய். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

இப்போது எழுத வைத்தது வேறு. போன வாரம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில், மருந்து கலக்கும் அறையில் சூடு ஏறியிருக்கிறது. வாடை வந்ததும் பெண்கள் வெளியே ஓடிவிட்டார்கள். என் மாணவன் ஒருவனின் அம்மா முத்துமாரி அங்கே வேலை செய்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாங்க ஓடியாந்து, தண்ணி குடிச்சு, ஆளு எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முடிச்ச பெறகுதான் சங்கு ஊதுது சார். எச்சரிக்கிற மாதிரி இல்ல, எழவு வீட்டுல ஊதுன மாதிரி இருந்துச்சு."

நான் அங்கே போனேன். போர்மன் அனுமதித்தார். ஆபீசில் உன் கருவி தரும் உற்பத்தி ரிப்போர்ட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் டம்ளரை அதன் சூடு அறியும் உணரியில் ஒட்டிப் பிடித்தேன். ரிப்போர்ட் ஓடி முடியும்வரை சங்கு வாயே திறக்கவில்லை.

நினைவகம் கேட்டு வரும் வேலைக்கு கெர்னல் 'இல்லை' என்று சொல்லலாம், 'கொஞ்சம் பொறு' என்றும் சொல்லலாம். சங்கிடம் இரண்டையுமே சொல்லக் கூடாது. அதனால்தான் கருவி ஓடத் தொடங்கும்போதே அதற்கென்று ஒரு பங்கை வெட்டி ஓரமாக வைத்தேன். வருடம் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் வேறு வேலை அதைத் தொடக் கூடாது. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று ஆலையில் எழுதிப் போட்டிருக்கிறார்களே, அதே புத்தி. நீ அதை எடுத்து முதலாளியின் ரிப்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறாய்.

விற்ற கருவிகளையெல்லாம் திரும்ப வாங்கு. என் பகுதியை இருந்தபடி போடு. தீபாவளி லோடு ஏறும் இந்த மாதத்திலேயே.

கிறிஸ்துராஜ்

—

சிவகாசி
16 ஆகஸ்ட் 2025

அன்பு கிறிஸ்து,

காயிதம் வந்துச்சு. ஆபீஸ்ல கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுட்டாக. பியூலா நல்லா படிக்கட்டும். நீ பிரஷர் பாத்தியாலே?

ஆமா, எடுத்தேன். ஒளிக்கல. சும்மா கெடக்கிற எடத்த எம்புட்டு நாளைக்கு வேடிக்கை பாக்க? எந்த ரூம்ல எம்புட்டு சரக்கு முடிஞ்சுருக்குன்னு மொதலாளிமாருக்கு உக்காந்த எடத்துல தெரியணும். இல்லன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாக. போர்டுல மெமரிய கூட்டுனா வெலை ஏறும். எல்லாத்தையும் ஒரே குவியலாக்கி, வர்றவன் எடுத்துக்கட்டும், இல்லன்னா வரிசையில நிக்கட்டும்னு மாத்துனேன். சங்கும் நிக்கும். செத்த நேரந்தான்.

சீசன்ல கழட்டுனா ஆர்டர் பூரா போயிரும்லே. தீபாவளி முடியட்டும், நானே வந்து உன்னக் கூட்டிட்டு வாரேன், மாத்திக் குடு. அதுவரைக்கும் எந்த ஆபீசுக்கும் எழுதிக்கிட்டு அலையாத. அடியில உன் பேரப் பாத்தா அங்கன இருக்கவுக என்ன சொல்லுவாக? கம்பெனியில பங்கு கெடைக்கலன்னு வாத்தியாரு வயித்தெரிச்சல்ல எழுதிருக்காருன்னுதான். பொய்யாலே அது?

டிரைவர்ட்ட கிஃப்ட் பாக்ஸ் குடுத்து விடுதேன். எடுத்து வச்சு கிறிஸ்துமசுக்கு வெடிங்க.

உன் மாரீஸ்

—

விருதுநகர்
28 ஆகஸ்ட் 2025

மாரீஸ்வரா,

உன் டிரைவரை வாசலிலேயே பெட்டியோடு திருப்பி அனுப்பினேன். என் அம்மா இறந்தபோதும் மாலையை அவர்தான் கொண்டுவந்தார். அவர்மேல் கோபம் இல்லை.

'செத்த நேரந்தான்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? கலவை அறைக்குள் அந்தச் செத்த நேரம் எவ்வளவு என்று சிவகாசியில் பிறந்த உனக்குத் தெரியாதா? அன்று அந்தப் பெண்களுக்கு மூக்கு இருந்தது. சளி பிடித்திருந்தால்? மூக்கை நம்பித்தான் உள்ளே உட்கார வேண்டுமென்றால், சுவரில் உன் கருவி எதற்கு?

பொய்யா என்று கேட்டாய். பொய் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல் இருக்கிறது. ரயில்வே கேட்டில் உன் கார் நின்றால், பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு தண்டவாளத்தையே பார்க்கிறவன் நான். ஆனால் சுடுதண்ணீர் டம்ளருக்கு வயிற்றெரிச்சல் கிடையாது.

வெடி ஆலைகளைச் சோதிக்கும் அலுவலகத்துக்கு எழுதி முடித்துவிட்டேன். உன்னைத் திட்டிய வரிகளை எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது அதில் ஒன்றுகூட இல்லை. ஆலையின் பெயர், டம்ளர் சோதனையைச் செய்யும் விதம், சங்குக்கு இடம் ஒதுக்க வேண்டிய முறை, இவ்வளவுதான் இருக்கிறது.

அடியில் பெயர் எழுதினேன். எம்.டெக். என்றும் சேர்த்தேன். அந்தப் பகுதி என்னுடையது என்று ஒரு தாளிலாவது இருக்க வேண்டுமென்று இத்தனை வருடம் ஏங்கினேன். பிறகு அந்த அதிகாரியாக என்னை நினைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். பெயரைப் பார்த்ததும் உன்னைக் கூப்பிடுவார். நீ சிரிப்பாய், பங்குக் கதையைச் சொல்வாய், தாள் மேசைக்குள் போய்விடும். பெயர் இல்லையென்றால் விசாரிக்க ஆள் கிடையாது. டம்ளரை எடுத்துக்கொண்டு ஆலைக்குத்தான் போக வேண்டும்.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் கோழை என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எழுதியது நான்தான் என்று நீ வேண்டுமானால் போய்ச் சொல். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தப் பகுதியை எழுதத் தெரிந்தவன் கிறிஸ்துராஜ் ஒருவன்தான் என்று உன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

சீசன் முடிந்து என்னைக் கூட்டிப்போக வர வேண்டாம். இனி நமக்குள் கடிதமும் வேண்டாம்.

அலுவலகத்துக்குப் போகும் கடைசித் தாளை மாற்றி எழுதிவிட்டேன். விடிந்ததும் தபால் பெட்டியில் போடுகிறேன், கையெழுத்து இல்லாமல்.